பற்றவைப்புக் கோளாறுகள்: எரிவாயு அடுப்பும் வாகன எஞ்சினும்

பற்றவைப்புக் கோளாறு என்பது, எரிபொருளால் இயங்கும் ஒரு கருவியில் தீ உரிய நேரத்தில், உரிய இடத்தில் பற்றாமல் போவதைக் குறிக்கும். பற்றிய தீ நிலைக்காமல் உடனே அணைந்துவிடுவதும் இதில் அடங்கும். அன்றாட வாழ்வில் இக்கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் எதிர்ப்படுகிறது. ஒன்று சமையலறையிலுள்ள எரிவாயு அடுப்பு. மற்றொன்று வீட்டு வாசலில் நிற்கும் இருசக்கர வாகனம் அல்லது கார். இரண்டும் தொடர்பில்லாத கருவிகளாகத் தோன்றினாலும் அவற்றுள் நடைபெறும் வேதிவினை ஒன்றுதான். எனவே கோளாறைக் கண்டறியும் முறையும் பெரிதும் ஒன்றாகவே அமைகிறது.

எரிதலின் அடிப்படை

தீ பற்றுவதற்கு எரிபொருள், காற்றிலுள்ள ஆக்சிசன், தொடக்க வெப்பம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர வேண்டும். இதைத் தீ முக்கோணம் என்பர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தீ பற்றாது.

மூன்றும் இருந்தால் மட்டும் போதாது. எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலந்திருக்கவும் வேண்டும். சமையல் எரிவாயு காற்றில் ஏறத்தாழ 2 முதல் 9 விழுக்காடு வரை கலந்திருக்கும்போது மட்டுமே எரியும். அதற்குக் குறைந்தால் கலவை மெலிந்துவிடும். மிகுந்தால் ஆக்சிசன் போதாது. பெட்ரோல் எஞ்சினில் 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எரிபொருள் குறைந்த கலவை மெலிந்த கலவை என்றும், மிகுந்த கலவை செறிந்த கலவை என்றும் அழைக்கப்படுகின்றன.

தொடக்க வெப்பத்தை இன்று பெரும்பாலும் மின் தீப்பொறியே தருகிறது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 1 மில்லிமீட்டர் காற்றிடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய ஏறத்தாழ 3,000 வோல்ட் மின்னழுத்தம் தேவை. அடுப்பு லைட்டரில் இடைவெளி சில மில்லிமீட்டர் இருப்பதால் அதில் பல ஆயிரம் வோல்ட் உண்டாக வேண்டியிருக்கிறது. காற்றின் அழுத்தம் கூடக்கூடத் தேவைப்படும் மின்னழுத்தமும் கூடும். எஞ்சினில் தோன்றும் சில கோளாறுகளைப் புரிந்துகொள்ள இந்தச் செய்தி பின்னர் உதவும்.

தோல்வியுற்ற முயற்சியின் மிச்சம்

பற்றவைப்புக் கோளாறில் முதலில் அறிய வேண்டிய பாதுகாப்புச் செய்தி ஒன்று உண்டு. தீ பற்றாமல் போன ஒவ்வொரு முயற்சியும் எரியாத எரிபொருளை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது.

அடுப்பின் குமிழைத் திறந்து வைத்துக்கொண்டு லைட்டரைத் திரும்பத் திரும்ப அழுத்தினால், அந்த நேரம் முழுவதும் வாயு வெளியேறிப் பர்னரைச் சுற்றித் தேங்குகிறது. கடைசியில் தீப்பொறி விழும்போது தேங்கிய வாயு முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொள்கிறது. 'பக்' என்ற ஓசையுடன் எழும் அந்தச் சுவாலையே புருவத்தையும் முன்கை முடியையும் பொசுக்குவது. எஞ்சினிலும் இதுவே நடக்கிறது. செல்ஃப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தால் எரியாத பெட்ரோல் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும். அதன் ஒரு பகுதி சைலன்சருக்குள்ளும் சென்று சேரும். பின்னர் அது அங்கே எரியும்போது வெடிச் சத்தம் கேட்கும். புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியும் பழுதடையக்கூடும்.

ஆகவே இரண்டு கருவிகளுக்கும் பொதுவான முதல் விதி இது: ஓரிரு முயற்சிகளில் பற்றாவிட்டால் எரிபொருளை நிறுத்த வேண்டும். மிச்சம் கலைந்து போகக் காத்திருக்க வேண்டும். அதன் பிறகே காரணத்தைத் தேட வேண்டும். அடுப்பில் 3 அல்லது 4 விநாடிக்குள் பற்றாவிட்டால் குமிழை மூடி, சன்னலைத் திறந்து, வாயு மணம் முற்றிலும் நீங்கும்வரை சில நிமிடங்கள் பொறுப்பது நல்லது. வாகனத்தில் ஒரு முறைக்கு 5 விநாடிக்கு மேல் செல்ஃப் அழுத்தாமல், அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விடுவது நல்லது. இந்த இடைவெளி பேட்டரிக்கும் தொடக்க மோட்டாருக்கும் ஓய்வு தருகிறது.

எரிவாயு அடுப்பு

செயல்படும் விதம்

வீட்டு எரிவாயு சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் ஆகிய வாயுக்களின் கலவை அழுத்தத்தால் திரவமாக்கி அடைக்கப்பட்டுள்ளது. இந்தியாவில் வழக்கமான வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோகிராம் எரிவாயு இருக்கும். சிலிண்டருக்குள் இருக்கும் உயர் அழுத்தத்தை ரெகுலேட்டர் வெகுவாகக் குறைத்து, 30 சென்டிமீட்டர் உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தத்தின் அளவில் வெளியே விடுகிறது. வாயு அங்கிருந்து ரப்பர் குழாய் வழியாக அடுப்பை அடைகிறது. ஜெட் எனப்படும் பித்தளை நுண்துளை முனை வழியாக அது விரைந்து பாயும்போது, சுற்றியுள்ள காற்றையும் தன்னுடன் கலவைக் குழாய்க்குள் இழுத்துச் செல்கிறது. கலந்த வாயு பர்னரின் துளைகள் வழியே வெளியேறி எரிகிறது. பள்ளி ஆய்வகத்தின் புன்சன் விளக்கும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

கையால் அழுத்தும் லைட்டரில் மின்கலம் இல்லை. அதனுள் சுருள்வில்லால் விசையூட்டப்பட்ட சிறு சுத்தியல் ஒரு பீங்கான் படிகத்தின் மீது மோதுகிறது. அழுத்தத்துக்கு உட்படும்போது சில படிகங்களில் மின்னழுத்தம் தோன்றுவதை 1880-இல் பியேர் கியூரி, ஜாக் கியூரி என்னும் சகோதரர்கள் கண்டறிந்தனர். இது அழுத்தமின் விளைவு எனப்படுகிறது. தானியங்கிப் பற்றவைப்பு உள்ள அடுப்புகளில் இதே விளைவு குமிழைத் திருப்பும்போது பயன்படுகிறது. வேறு சில அடுப்புகளில் சிறிய மின்கலமும் மின்னணுச் சுற்றும் சேர்ந்து 'டிக் டிக்' என்று தொடர் தீப்பொறிகளைத் தருகின்றன.

கண்டறியும் வரிசை

முதற்கண் கேட்க வேண்டியது, வாயு மணம் வருகிறதா என்பதே. குமிழைத் திறக்கும் முன்னரே மணம் வந்தால் அது கசிவு. பற்றவைக்க முயலவே கூடாது. அந்நிலையில் செய்ய வேண்டியவை இப்பகுதியின் இறுதியில் தரப்பட்டுள்ளன.

இரண்டாவது கேள்வி: ஒரு பர்னர் மட்டும் பற்றவில்லையா, எல்லாப் பர்னர்களுமா? எல்லாம் பற்றாவிட்டால் கோளாறு பொதுவான பாதையில், அதாவது சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய் ஆகியவற்றில் இருக்கும். ஒன்று மட்டும் பற்றாவிட்டால் அந்தப் பர்னரிலோ அதன் ஜெட்டிலோ இருக்கும். இந்த ஒரு கேள்வியே தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

மூன்றாவது, தீக்குச்சிச் சோதனை. கசிவு இல்லை என்று உறுதியான பிறகு, தீக்குச்சியை முதலில் கொளுத்திப் பர்னரின் அருகில் பிடித்துக்கொண்டு, அதன் பின்னரே குமிழைத் திறக்க வேண்டும். தீக்குச்சியில் அடுப்பு பற்றினால் வாயுவும் காற்றும் சரியாக உள்ளன, பழுது தீப்பொறியில்தான். தீக்குச்சியிலும் பற்றாவிட்டால் வாயு வரவில்லை, அல்லது கலவை சரியில்லை.

தீப்பொறிக் கோளாறுகள்

1. பால் பொங்கி வழிந்தாலோ அடுப்பைக் கழுவினாலோ தீப்பொறி முனையில் ஈரம் படிந்துவிடும். மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் ஈரத்தின் வழியே ஓடிவிடுவதால் தீப்பொறி தோன்றாது. உலர்ந்த துணியால் துடைத்துக் காயவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

2. மின்கலம் உள்ள அடுப்பில் எந்தக் குமிழை அழுத்தினாலும் பொதுவாக எல்லா முனைகளிலும் ஒருசேரத் தீப்பொறி வரும். எதிலும் வரவில்லை என்றால் மின்கலத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் வரவில்லை என்றால் அந்த முனையின் கம்பியையோ வெள்ளைப் பீங்கான் உறையையோ பார்க்க வேண்டும். உறையில் விரிசல் இருந்தால் தீப்பொறி அதன் வழியே பக்கவாட்டில் பாய்ந்துவிடும்.

3. கையை எடுத்த பிறகும் 'டிக் டிக்' ஓசை நிற்காவிட்டால் குமிழின் பின்னுள்ள சுவிட்சில் நீர் புகுந்திருக்கலாம்.

4. தீப்பொறி வலுவாக இருந்தும் பற்றாவிட்டால் பர்னரின் மூடி பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழுவி வைக்கும்போது மூடி சற்றே விலகி அமர்ந்தாலும் வாயு தீப்பொறி முனை இல்லாத பக்கமாக வெளியேறிவிடும்.

5. குமிழை விட்டவுடன் தீ அணைந்துவிடும் அடுப்புகளும் உண்டு. தீ அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்புக் கருவி அவற்றில் இருக்கிறது. அதன் வெப்ப உணரி முனை சூடாகும்வரை, சில விநாடிகள் குமிழை அழுத்திப் பிடிக்க வேண்டும். நீண்ட நேரம் பிடித்தும் தீ நிற்காவிட்டால், முனையில் கரி படிந்திருக்கலாம் அல்லது அது பழுதடைந்திருக்கலாம்.

வாயு மற்றும் காற்றுக் கோளாறுகள்

எல்லாப் பர்னர்களிலும் தீ சிறுத்திருந்தால் சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கலாம். ஈரத்துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பார்த்தால், திரவம் உள்ள கீழ்ப்பகுதி மெதுவாகவும் வெற்றாக உள்ள மேற்பகுதி விரைவாகவும் காயும். உதகமண்டலம் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் சிலிண்டர் தீராமலேயே தீ சிறுப்பதுண்டு. பியூட்டேன் 0 டிகிரி செல்சியசுக்கு அருகில்தான் கொதிக்கும் என்பதால், குளிரில் திரவம் போதிய வேகத்தில் வாயுவாக மாறுவதில்லை. இதற்காகச் சிலிண்டரைச் சுடுநீரில் வைப்பதோ நெருப்பருகே நகர்த்துவதோ பேராபத்து. சிலிண்டரைச் சாய்த்துக் கிடத்தவும் கூடாது. திரவமே ரெகுலேட்டருக்குள் புகுந்துவிடும்.

தீயின் நிறமும் வடிவமும் கோளாறைச் சொல்லும். நிலையான நீலத் தீ நல்ல கலவையின் அடையாளம். சோம்பலாக ஆடும் மஞ்சள் தீயும் பாத்திரத்தின் அடியில் படியும் கரியும் காற்று போதவில்லை என்பதைக் காட்டுகின்றன. கலவைக் குழாயில் ஒட்டடையோ பூச்சிக்கூடோ அடைத்திருப்பது இதற்கு வழக்கமான காரணம். நெடுநாள் பூட்டியிருந்த வீட்டு அடுப்பில் குளவிக்கூடு இருப்பதும் உண்டு. உப்புநீர் பொங்கி வழியும்போது சற்று நேரம் தோன்றும் ஆரஞ்சு நிறம் உப்பிலுள்ள சோடியத்தால் வருவது, அது கோளாறன்று. தீ பர்னரை விட்டு எழும்பி நின்றால் காற்றோ அழுத்தமோ மிகை. 'உஸ்' என்ற இரைச்சலுடன் தீ கலவைக் குழாய்க்குள்ளேயே எரிந்தால் உடனே குமிழை மூடி, ஆறியபின் பர்னரைச் சுத்தம் செய்து பொருத்த வேண்டும்.

பர்னர் துளைகளை மெல்லிய ஊசியால் தூய்மை செய்யலாம். ஜெட்டின் துளையை அவ்வாறு குத்தக் கூடாது. அது மயிரிழை அளவே பெரிதானாலும் அதிக வாயு பாய்ந்து, கலவை நிரந்தரமாகச் செறிந்துவிடும். ஜெட், குமிழின் வால்வு, ரெகுலேட்டர் ஆகியவை பயிற்சி பெற்ற பணியாளரின் வேலை.

கசிவு ஏற்பட்டால்

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை மூக்கு உணர வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் கடுமணப் பொருள் அதில் சேர்க்கப்படுகிறது. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் ஏறத்தாழ இரண்டு மடங்கும் கனமானவை. ஆகவே கசிந்த வாயு மேலே எழும்பிப் போகாமல் தரையோடு படர்கிறது. மேலேயுள்ள சன்னலைத் திறந்தால் மட்டும் போதாது. கதவையும் திறந்து வாயு தரைவழியே வெளியேற வழிசெய்ய வேண்டும்.

மணம் வந்தால் குமிழ்களையும் ரெகுலேட்டரையும் மூடி, சாமி விளக்கு உட்பட எரிந்துகொண்டிருக்கும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். எந்த மின் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. இரண்டிலுமே சிறு தீப்பொறி எழும். அதே காரணத்தால் வெளியேற்று மின்விசிறியையும் இயக்கக் கூடாது. எல்லோரும் வெளியேறிய பின், வெளியிலிருந்து 1906 என்ற எரிவாயுக் கசிவு அவசர உதவி எண்ணுக்கு அழைக்கலாம். தீப்பிடித்திருந்தால் தீயணைப்புத் துறைக்கு 101.

கசியும் இடத்தைச் சவர்க்கார நுரையைத் தடவிக் கண்டறிய வேண்டும். குமிழி எழும் இடமே கசியும் இடம். தீக்குச்சியைக் காட்டிச் சோதிக்கும் பழக்கம் உயிரைப் பறிக்கவல்லது. ரப்பர் குழாயைக் காலாவதி ஆண்டுக்குள் மாற்றுவதும், சிலிண்டரைவிட உயரமான மேடையில் அடுப்பை வைப்பதும் அடிப்படைப் பாதுகாப்பு முறைகள்.

வாகன எஞ்சின்

செயல்படும் விதம்

1860-இல் எத்தியேன் லெனுவார் உருவாக்கிய எஞ்சினில் நிலக்கரி வாயுவும் மின் தீப்பொறியும் பயன்பட்டன. நிக்கோலஸ் ஓட்டோ 1876-இல் நான்கு வீச்சு எஞ்சினை வெற்றிகரமாக இயக்கினார். இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் அதன் வழிவந்தவை. எரிபொருளும் காற்றும் உள்ளிழுக்கப்படுதல், அழுத்தப்படுதல், எரிந்து விரிதல், புகை வெளியேறுதல் என்னும் நான்கு வீச்சுகளில், இரண்டாவதன் இறுதியில் தீப்பொறி விழ வேண்டும்.

பேட்டரியின் 12 வோல்ட்டைப் பற்றவைப்புச் சுருள் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. பெரும்பாலான பெட்ரோல் வாகனங்களில் ஸ்பார்க் பிளக் எனப்படும் தீப்பொறிச் செருகியின் முனை இடைவெளி ஏறத்தாழ 0.6 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் அமைந்திருக்கும். உரிய அளவு அந்த வாகனத்தின் கையேட்டில் தரப்பட்டிருக்கும். இவ்வளவு குறுகிய இடைவெளிக்குப் பல்லாயிரம் வோல்ட் ஏன் என்றால், சிலிண்டருக்குள் கலவை அழுத்தப்பட்ட நிலையில் இருக்கிறது. அதனால்தான் வெளியே எடுத்துச் சோதிக்கும்போது பொறி காட்டும் பழைய பிளக், உள்ளே பொருத்தினால் பொறி தராமல் போகிறது. திறந்த வெளியில் தோன்றும் பொறி, பிளக் நன்றாக உள்ளது என்பதற்கு முழுச் சான்றாகாது.

கண்டறியும் வரிசை

செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது எஞ்சின் சுழல்கிறதா என்பதே முதல் கேள்வி. சுழலவே இல்லை என்றால் அது பற்றவைப்புக் கோளாறு அன்று, மின்வழங்கல் கோளாறு. கைப்பிடியிலுள்ள எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச், பக்கத் தாங்கி, கியர் நியூட்ரலில் உள்ளதா என்பது, பியூஸ் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது பேட்டரி. ஓய்வில் உள்ள நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். முனைகளில் வெள்ளை, பச்சைப் பூப்பு படிந்திருந்தாலோ இணைப்பு தளர்ந்திருந்தாலோ நல்ல பேட்டரியும் 'டக்' என்ற ஓசையோடு நின்றுவிடும்.

சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால் எரிபொருள், தீப்பொறி, காற்றும் அழுத்தமும் என்ற மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

எரிபொருள்: தொட்டியில் பெட்ரோல் உள்ளதா, திறப்பு திறந்துள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது; வண்டி சிறிது தூரம் ஓடி நின்றுவிடும். எரிபொருள் உட்செலுத்தும் முறை உள்ள வாகனங்களில் சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்கும். அது பம்பின் ஓசை. வழக்கமாகக் கேட்கும் அந்த ஓசை இல்லாவிட்டால் பம்ப், அதன் பியூஸ் ஆகியவற்றில் ஐயம் கொள்ளலாம்.

தீப்பொறி: எஞ்சின் ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது ஓர் அறிக்கைபோலப் பேசும்.

1. இளம்பழுப்பு நிறம்: எரிதல் நன்றாக நடக்கிறது.

2. உலர்ந்த கரி: கலவை செறிந்துள்ளது. காற்று வடிகட்டி அடைபட்டிருக்கலாம். சோக் விடுவிக்கப்படாமல் இருக்கலாம்.

3. பெட்ரோல் ஈரம்: எரிபொருள் வருகிறது, பற்றவில்லை. தீப்பொறியையே முதலில் ஐயுற வேண்டும்.

4. பிசுபிசுப்பான எண்ணெய்: பிஸ்டன் வளையமோ வால்வு அடைப்பானோ தேய்ந்து எண்ணெய் கசிகிறது.

5. வெளுத்து, கொப்புளம் கண்ட முனை: மிகை வெப்பம். மெலிந்த கலவையோ பொருந்தாத வகைப் பிளக்கோ காரணமாகலாம்.

6. சுழன்ற பின்னும் முற்றிலும் உலர்ந்த முனை: எரிபொருள் வந்து சேரவில்லை.

பிளக்கைத் திரும்பப் பொருத்தும்போது முதலில் கையாலேயே திருகி, மரை சரியாக ஏறிய பின்னரே ஸ்பேனரைப் பயன்படுத்த வேண்டும். அலுமினியத் தலையில் மரை கெட்டுவிட்டால் செலவு பல மடங்காகும்.

பிளக்கை வெளியே எடுத்து எஞ்சின் உடலில் வைத்துப் பொறி பார்க்கும் பழைய முறையில் இரண்டு ஆபத்துகள் உண்டு. பிளக் துளையிலிருந்து பீய்ச்சும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளலாம். மின்னணுக் கட்டுப்பாடு உள்ள வாகனங்களில் பொறி பாய வழியில்லாமல் போனால் சுருளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பழுதாகலாம். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வாகனங்களில் கார்பரேட்டருக்குப் பதிலாக எரிபொருள் உட்செலுத்தும் முறை பரவலாகிவிட்டது. அவற்றில் பொறியைச் சோதிக்க அதற்கெனவே உள்ள கருவியைப் பயன்படுத்துவதே முறை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், பணிமனையில் கோளாறுக் குறியீட்டைப் படித்தறியலாம்.

காற்றும் அழுத்தமும்: கிக்கரை மிதிக்கும்போது வழக்கமான எதிர்ப்பு இல்லாமல் கால் எளிதாக இறங்கினால் சிலிண்டரில் அழுத்தம் குறைந்துள்ளது. வால்வு, பிஸ்டன் வளையம் ஆகியவை மெக்கானிக் பார்க்க வேண்டியவை.

மழையும் வெள்ளமும்

மழைக்காலக் காலையில் ஒரு ஸ்கூட்டர் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரி நன்றாக இருப்பதைச் சுழற்சியே காட்டிவிட்டது. பிளக்கைக் கழற்றினால் அது பெட்ரோலில் நனைந்திருக்கிறது. ஆகவே எரிபொருளும் வந்திருக்கிறது. மீதமிருப்பது தீப்பொறி. முந்தைய இரவு தேங்கிய நீரில் வண்டி ஓடியதால் பிளக் மூடிக்குள் ஈரம் புகுந்து, மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் ஈரத்தின் வழியே எஞ்சின் உடலுக்கு ஓடிவிடுகிறது. பால் பொங்கிய அடுப்பில் நடந்ததும் இதுவே. மூடியையும் பிளக்கையும் துடைத்துக் காயவைத்தால் வண்டி கிளம்பிவிடும். எந்த உதிரிபாகமும் வாங்க வேண்டியதில்லை.

ஆனால் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் நிலை வேறு. காற்று அழுத்தத்தில் சுருங்கும், நீர் சுருங்காது. சிலிண்டருக்குள் நீர் புகுந்த நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் பிஸ்டன் அந்த நீரில் மோதி, இணைப்புத் தண்டு வளைந்துவிடும். 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்தை, நீர் வடிந்ததும் ஆவலோடு இயக்கிப் பார்ப்பதே மிகப்பெரிய தவறு. சாவியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பணிமனைக்கு இழுத்துச் செல்வதே சரியான வழி.

டீசல் எஞ்சின்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இம்முறையில், காற்று மட்டும் மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாகிச் சூடேறுகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே பெட்ரோல் எஞ்சினுக்கான தீப்பொறிச் சோதனைகள் இதற்குப் பொருந்தா. குளிர்ந்த எஞ்சினில் காற்றைச் சூடாக்கும் வெப்பச் செருகிகள் பழுதானாலோ, தொட்டி வற்றியதால் எரிபொருள் குழாயில் காற்றுக் குமிழி புகுந்தாலோ எஞ்சின் பற்றாது. அக்காற்றை வெளியேற்றினால்தான் டீசல் மீண்டும் பாயும். டீசல் வண்டியில் தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பிவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. தொட்டியைக் காலிசெய்த பிறகே இயக்க வேண்டும்.

எரிவாயுவில் ஓடும் வாகனங்கள்

ஆட்டோக்களும் கார்களும் சில திரவ எரிவாயுவில் ஓடுகின்றன. வாயுக் கலவையில் பொறி பாயப் பெட்ரோலைவிடக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், தேய்ந்த பிளக்கின் குறை இவற்றில் முதலில் வெளிப்படும். வீட்டுச் சமையல் சிலிண்டரை வாகனத்தில் பொருத்துவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியமாக, அச்சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஓடும் வண்டியின் அதிர்வுக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல.

தாமே செய்யக்கூடியவையும் கூடாதவையும்

ஈரம் துடைத்தல், மின்கலம் மாற்றுதல், பர்னரைக் கழுவிச் சரியாகப் பொருத்துதல், சவர்க்கார நுரைச் சோதனை, பேட்டரி முனைகளைத் தூய்மை செய்தல், பிளக்கைப் பார்வையிடுதல் ஆகியவற்றைக் கவனத்துடன் எவரும் செய்யலாம். ரெகுலேட்டரைப் பிரித்தல், ஜெட்டைத் துளைத்தல், கசியும் குழாயைத் துணியாலோ பசை நாடாவாலோ சுற்றி ஒப்பேற்றுதல், பிளக் மூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்றுதல் ஆகியவற்றை எவரும் செய்யக் கூடாது.

பழுது பார்ப்பவரிடம் கொண்டு செல்லும்போதும் இவ்வரிசை உதவும். 'அடுப்பு எரியவில்லை' என்பதைவிட 'தீக்குச்சியில் எரிகிறது, இடப்பக்க முனையில் மட்டும் பொறி வரவில்லை' என்று சொன்னால் தேவையற்ற பாகங்கள் மாற்றப்படுவது குறையும். 'வண்டி கிளம்பவில்லை' என்பதைவிட 'நன்றாகச் சுழல்கிறது, பிளக் உலர்ந்திருக்கிறது, பம்ப் ஓசை இல்லை' என்று சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். எரிபொருள், காற்று, தீப்பொறி ஆகியவற்றுள் எது இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதே பற்றவைப்புக் கோளாறுகளைக் கண்டறியும் முறை. அதைத் தொடங்குமுன், திறந்திருக்கும் குமிழை மூடிவிட வேண்டும்.